யப்பானிய வீடியோ விளையாட்டு வரலாற்றிற் புலம்பெயர்ந்தோர்

யப்பான் நாட்டின் இலத்திரனியற் கைத்தொழிலைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு கதைகளுள் ஒன்றையே கூறிச் செல்வர். போரினால் அழிந்த நாடொன்று தன் மக்களின் உழைப்பாலும் நுண்கைத்திறனாலும் உலகச் சந்தையை வென்ற கதை ஒன்று. நின்ரெண்டோ, சேகா, சோனி முதலிய கம்பனிகள் ஒன்றையொன்று வெல்ல முயன்ற கதை மற்றையது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டுமே ஒரு சாராரை ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. பிறநாட்டிற் பிறந்து யப்பானிற் குடியிருந்தோரே அச்சாரார். 1989 ஆம் ஆண்டு வெளிவந்த 'கேம்போய்' என்னும் கைக்கருவியும், அதனோடு சேர்ந்து உலகெங்கும் பரவிய 'டெற்றிஸ்' என்னும் விளையாட்டும் ஒன்றிணைந்த வரலாற்றை நோக்குமிடத்து, அவ்விணைப்பு ஒரு நாட்டின் திறனாலோ ஒரு கம்பனியின் திட்டத்தாலோ நிகழ்ந்ததன்று என்பதும், விளையாட்டின்மீது தீராத விருப்புக்கொண்ட புலம்பெயர்ந்த ஒருவரால் நிகழ்ந்தது என்பதும் புலனாகும். அவ்விருப்பினால் யார் பயன்பெற்றனர், யார் பெறவில்லை என்பதும் உடன் ஆராயத்தக்கதே.

நின்ரெண்டோ 1889 ஆம் ஆண்டு கியோட்டோ நகரிற் புசஜிறோ யமவுச்சி என்பவரால் ஆரம்பிக்கப்பட்டது. அது முதலில் விற்றது 'ஹனபுடா' எனப்படும் பூச்சித்திரக் கடதாசிக் கட்டுக்களையே. யப்பானியர் விளையாட்டுக் கடதாசியைக் 'கருதா' என்பர். 16 ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற போர்த்துக்கேயரின் 'கார்த்தா' என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது. இலங்கைத் தமிழர் வழங்கும் 'கடதாசி' என்ற சொல்லும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படுகின்றது. ஒரே கடலோடிகள் இரு தீவுகளிலும் விட்டுச்சென்ற எச்சங்கள் இவை. இவ்விளையாட்டுக் கம்பனியின் முதற் பண்டமே பிறநாட்டார் கொணர்ந்த பொருளொன்றின் வழித்தோன்றல் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தொடர்பு இன்னும் நெருக்கமாயிற்று. ஒடெசாவிற் பிறந்து மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் வாழ்ந்த யூதரான மைக்கல் கோகன் 1953 ஆம் ஆண்டு ரோக்கியோவில் 'ரைற்றோ' என்னும் வாணிப நிறுவனத்தைத் தொடங்கினார். வொட்கா வடித்தும், தானியங்கி விற்பனைப் பொறிகளையும் நாணயமிட்டு இயக்கும் இசைப்பெட்டிகளையும் தருவித்தும் அந்நிறுவனம் வளர்ந்தது. கால் நூற்றாண்டின் பின், 1978 இல், தொமொகிரோ நிஷிக்காடோ என்னும் யப்பானியப் பொறியியலாளர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற புகழ்பெற்ற விளையாட்டை ஆக்கியது இந்நிறுவனத்திலேதான். அமெரிக்க விமானப்படையிற் பணிபுரிந்து கீழைநாடுகளை அறிந்திருந்த டேவிட் றோசன் 1954 இல் ரோக்கியோவில் வாணிபந் தொடங்கி, அடையாள அட்டைகளுக்கு விரைவாகப் புகைப்படம் எடுக்கும் கூடங்களை அமைத்தார். பின்னர் நாணயப் பொறிகளைத் தருவித்தார். அமெரிக்கப் படைத்தளங்களுக்கு இத்தகைய பொறிகளை வழங்கிய 'சேர்விஸ் கேம்ஸ்' என்னும் வணிகத்தின் வழிவந்த நிறுவனமொன்றும் றோசனின் நிறுவனமும் 1965 இல் இணைந்தபோது சேகா பிறந்தது. சேகா என்ற பெயரே அவ்விரு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களாற் புனையப்பட்டது. யப்பானியப் பெயரென உலகம் கருதும் பெயரொன்று அமெரிக்கப் போர்வீரரின் ஓய்வுநேரத்திற் பிறந்ததென்பது சற்றே நகைப்புக்குரியதுதான்.

கோகனும் றோசனும் வணிகர். எந்தப் பொருள் எந்த நாட்டில் இல்லை என்பதை அவர்கள் கண்டனர். இல்லாத இடத்துக்கு அதனைக் கொண்டு சென்றனர். இரு நாடுகளை அறிந்தவனுக்கு இக்காட்சி எளிது. ஆனால் ஒரு விளையாட்டு ஏன் இனிக்கின்றது, யாருக்கு இனிக்கும் என்பதை அறிவதற்கு வணிகக் கண் மட்டும் போதாது. அவ்விடத்தில் ஆடுபவனின் கண் வேண்டும். ஹெங்க் றொஜர்ஸ் என்பாரின் வரலாறு தனித்து நோக்கத்தக்கதாவது இதனாலேயே.

றொஜர்ஸ் 1953 இல் ஒல்லாந்திற் பிறந்தவர். சிறுவயதிற் குடும்பத்துடன் நியூயோர்க் சென்று, பின்னர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்திற் கணினி பயின்றார். அங்கு அவர் பாடங்களிலும் கூடிய நேரத்தை 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டிற் செலவிட்டார் எனக் கூறுவதுண்டு. தாம் விரும்பிய யப்பானியப் பெண்ணைப் பின்தொடர்ந்து யப்பானுக்குச் சென்று, அங்கு குடும்பத்தின் இரத்தினக்கல் வாணிபத்திற் சில ஆண்டுகள் உழைத்தார். ஒல்லாந்தர், அமெரிக்கர், யப்பானில் வாழ்பவர் என மூன்று அடையாளங்கள் இருந்தும் மூன்றினுள்ளும் முற்றாக அடங்காதவர். யப்பானிய மொழியை ஓரளவு பேசவே தெரியும், வாசிப்பது கடினம்.

1980 களின் தொடக்கத்தில் யப்பானியர் வீடுகளுக்குள் தனியாட் கணினிகள் புகுந்தன. அவற்றிற் பல விளையாட்டுக்கள் இருந்தும், தாம் ஹவாயில் விரும்பியாடிய வகை அங்கு அரிதாயிருந்ததை றொஜர்ஸ் கண்டார். ஒரு நாட்டில் வாழ்ந்துகொண்டு பிறிதொரு நாட்டின் விளையாட்டுக்கு ஏங்குபவனுக்கே புலப்படும் வெற்றிடம் இது. அவர் 'புல்லட் புறூப் சொப்ற்வெயர்' என்னும் சிறு நிறுவனத்தை யொக்கஹாமாவில் நிறுவி, என்.ஈ.சி. நிறுவனத்தின் பி.சி. 8801 கணினிக்காக 'பிளக் ஒனிக்ஸ்' என்ற விளையாட்டைத் தாமே எழுதி 1984 இல் வெளியிட்டார். கறுப்பு இரத்தினக்கல் ஒன்றைத் தேடிச் செல்லும் வீரர் குழுவின் கதை அது. கல் வாணிபத்தில் இருந்தவர் கல்லையே பொருளாக்கியது இயல்பே.

விற்பனை முதலில் நடக்கவில்லை. விளையாட்டு தரங்குறைந்ததனால் அன்று. அஃது என்னவென்றே வாங்குவோருக்கு விளங்கவில்லை. றொஜர்ஸ் தாமே பின்னாளிற் கூறியுள்ளபடி, அவர் கணினிச் சஞ்சிகைகளின் அலுவலகங்களுக்கு நேரிற் சென்று, ஆங்காங்கு இருந்த பத்திரிகையாளரின் பெயரைக் கேட்டு, அப்பெயரில் ஒரு வீரனை ஆக்கி, அவரது முகத்துக்கு ஒத்த தலையொன்றைத் தெரிவுசெய்து, அவரிடமே ஆடக் கொடுத்தார். விளையாட்டின் இலக்கணத்தை விளக்கும் மொழிவன்மை அவரிடம் இல்லை. ஆடச் செய்தாலே விளங்கும் என்ற அறிவு இருந்தது. சஞ்சிகைகள் எழுதின, விளையாட்டு விற்றது. 1986 இல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ற்' இவ்வகையை யப்பானின் தேசிய விளையாட்டுப் போலவே ஆக்கிவிட்டது. அதனை ஆக்கியோர் அமெரிக்க விளையாட்டுக்களையும் நேரே பயின்றவராதலின் முழுப்புகழையும் றொஜர்சுக்கு அளித்தல் பொருந்தாது. நிலம் உழப்பட்டதில் அவர் பங்கு பெரிது என்பதே நேர்மையான மதிப்பீடு.

நின்ரெண்டோவினுள் அவர் நுழைந்த விதமும் ஆடுபவருக்குரியதே. அந்நாளில் அக்கம்பனியின் தலைவர் ஹிறோசி யமவுச்சி, வெளியாருக்கு எளிதில் முகங்கொடாதவர். வீடியோ விளையாட்டுக்களைத் தாம் ஆடுவதில்லை என்றே அறியப்பட்டவர். ஆனால் 'கோ' என்னும் பழைய பலகை விளையாட்டில் வல்லவர். றொஜர்ஸ் இதனை அறிந்து, நின்ரெண்டோவின் 'பமிக்கொம்' கருவியில் 'கோ' ஆடும் வகை செய்வதாகத் தொலைநகல் அனுப்பினார். அழைப்பு வந்தது; பணமும் வழங்கப்பட்டது. ஆக்கம் யமவுச்சி எதிர்பார்த்த வன்மையைப் பெறாமையால் நின்ரெண்டோ அதனை வெளியிடவில்லை. றொஜர்ஸ் தாமே 1987 இல் வெளியிட்டார். ஆயினும் கதவு திறந்தே இருந்தது.

இதே காலத்தில் மொஸ்கோவில் நிகழ்ந்ததை இனி நோக்கலாம். சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்திற் பணிபுரிந்த அலெக்சி பஜிட்னொவ் 1984 இல் 'எலெக்ரோனிக்கா 60' என்னும் கணினியில் டெற்றிசை ஆக்கினார். அக்கணினியிற் படம் வரையும் வசதி இல்லை. எழுத்துக் குறிகளைக் கொண்டே துண்டுகள் காட்டப்பட்டன. நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். ஆடுபவர் அவற்றைத் திருப்பி இடைவெளியின்றி அடுக்கவேண்டும். நிறைந்த வரிசை மறையும். விதி இவ்வளவே. கிரேக்க மொழியில் நான்கைக் குறிக்கும் சொல்லையும் தாம் விரும்பியாடிய ரெனிஸ் விளையாட்டின் பெயரையும் இணைத்து அவர் பெயரிட்டார். வடிம் கெராசிமொவ் என்னும் பாடசாலை மாணவர் அதனை ஐ.பி.எம். கணினிக்கு மாற்ற உதவியபின், தட்டிலிருந்து தட்டுக்குப் படியெடுக்கப்பட்டு அது மொஸ்கோவைக் கடந்து ஹங்கேரியை அடைந்தது. தனியார் உரிமை என்பது சட்டத்தில் இடம்பெறாத ஒரு சமூகத்தில், ஆக்கியவருக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை.

புடாபெஸ்ற் நகரில் அதனைக் கண்டவர் றொபேட் ஸ்ரைன். ஹங்கேரியிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறியவர். அவர் மொஸ்கோவுக்குத் தந்தியச்சுவழி எழுதினார். விருப்பந் தெரிவித்து வந்த மறுமொழியையே உடன்பாடாகக் கொண்டு, ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன்னரே உரிமையை விற்றுவிட்டார். வாங்கியவை இங்கிலாந்தின் மிறர்சொப்ற், அமெரிக்காவின் ஸ்பெக்ரம் ஹோலோபைற் ஆகியன. இரண்டும் பத்திரிகை அதிபர் றொபேட் மக்ஸ்வெல்லின் ஆளுகைக்குட்பட்டவை. மக்ஸ்வெல்லும் செக்கோசிலோவாக்கியாவிற் பிறந்து ஆங்கிலேயரானவர் என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே புலம்பெயர்ந்தோராதல் மட்டுமே ஒருவருக்கு நல்ல பார்வையை அளித்துவிடும் எனக் கொள்வது தவறு. எல்லைகளுக்கிடையில் வாழ்பவன் பாலமாகவும் அமையலாம், தரகனாகவும் அமையலாம். ஸ்ரைன் தமக்கு இல்லாததை விற்றார்; வாங்கியவர்கள் அதனை மேலும் கூறுபோட்டு விற்றனர். 1988 ஆம் ஆண்டளவில் ஒரே விளையாட்டின் உரிமையைப் பலர் பலவாறு கோரும் நிலை ஏற்பட்டது.

1988 சனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற நுகர்வோர் இலத்திரனியற் கண்காட்சிக்கு, யப்பானில் வெளியிடத்தக்க விளையாட்டுக்களைத் தேடி றொஜர்ஸ் சென்றிருந்தார். ஒளியும் ஒலியும் மிக்க புதுப்பண்டங்களின் நடுவே எளிய டெற்றிசை ஆடிப்பார்த்தவர், மற்றவற்றைக் காணச் செல்வதும் மீண்டும் அதே வரிசையில் வந்து நிற்பதுமாயிருந்தார். தாம் திரும்பத் திரும்ப வருவதை உணர்ந்தபோதே அதன் தன்மையை அறிந்ததாக அவர் கூறுவர். கண்காட்சியில் நின்ற வணிகர் அனைவரும் கண்ட பண்டந்தான் அது. தம் உடலிற் சோதித்தறிந்தவர் இவர். யப்பானிய உரிமைகளை மக்ஸ்வெல்லின் கம்பனியிடமும் அமெரிக்க அற்றாரி கேம்ஸ் நிறுவனத்திடமும் பேசிப் பெற்று, அவ்வாண்டு இறுதியிலே பமிக்கொம் கருவிக்கான டெற்றிசை அவர் வெளியிட்டார்.

அப்போது நின்ரெண்டோவிற் கைக்கருவியொன்று உருவாகிக்கொண்டிருந்தது. அதன் பின்னணியில் நின்றவர் குன்பெய் யொகொய். கடதாசி அச்சுப்பொறிகளைப் பராமரிக்கும் வேலைக்கு 1965 இற் சேர்ந்த இவர், விரைவுப் புகைவண்டியில் அலுப்புற்ற பயணியொருவர் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திப் பொழுதுபோக்குவதைக் கண்டு, 1980 இல் வெளிவந்த 'கேம் அன்ட் வோச்' என்னும் சிறு கருவியை எண்ணியதாகச் சொல்லப்படுகின்றது. பழகித் தேய்ந்த, மலிந்த தொழினுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்துதலே அவர் கொள்கை. கேம்போய் அக்கொள்கையின் முழுவடிவமாகும். அதன் திரவப் பளிங்குத் திரையில் நிறங்கள் இல்லை. பச்சை சார்ந்த நான்கு சாயல்களே. அகலத்தில் 160, உயரத்தில் 144 புள்ளிகள். இருளில் ஒளிராது. ஆனால் நான்கு சிறு மின்கலங்களில் பத்து மணித்தியாலங்களுக்கு மேல் இயங்கும். அதே ஆண்டில் அற்றாரி வெளியிட்ட லிங்க்சும் அடுத்த ஆண்டில் வந்த சேகாவின் கேம் கியரும் நிறமும் ஒளியும் கொண்டு மிளிர்ந்தன. ஆறு மின்கலங்களைச் சில மணித்தியாலங்களிற் குடித்தன. பயணத்திற் கொண்டுசெல்லும் கருவிக்கு எது முதன்மையானது என்பதை யொகொய் அறிந்திருந்தார்.

இக்கருவியுடன் எவ்விளையாட்டை இணைத்து விற்பது என்ற வினா எழுந்தது. நின்ரெண்டோவின் அமெரிக்கக் கிளைத் தலைவராயிருந்தவர் மினோரு அரகாவா, யமவுச்சியின் மருமகன், அவரும் தாய்நாட்டை விட்டு அமெரிக்காவில் வாழ்ந்தவர். மரியோவை இணைப்பதே இயல்பென அங்கு கருதப்பட்டது. சிறுவர் மட்டும் வாங்கினாற் போதுமாயின் மரியோவையும், எல்லோரும் வாங்கவேண்டுமாயின் டெற்றிசையும் இணைக்குமாறு றொஜர்ஸ் கூறினார். கதையோ மொழியோ அற்ற அவ்விளையாட்டு எந்த நாட்டாருக்கும் எந்த வயதினருக்கும் அந்நியமாகாது. நாடு மாறி நாடு சென்று மொழி விளங்காது இடர்ப்பட்ட ஒருவர் இதனை முதலில் உணர்ந்தது தற்செயலன்று. நிறமற்ற திரையும் நான்கு சாயல்களும் ஒரு குறையாகத் தோன்றாத விளையாட்டும் அதுவே.

கைக்கருவிக்கான உரிமையை ஸ்ரைனிடம் கேட்டு மறுமொழி தாமதமாகவே, 1989 பெப்ரவரியில் றொஜர்ஸ் மொஸ்கோ சென்றார். அழைப்பு இல்லை, உல்லாசப் பயணிக்குரிய விசாவே அவரிடம் இருந்தது. கணினி ஏற்றுமதியைக் கவனித்த 'எலோர்க்' என்னும் அரச நிறுவனத்தின் வாசலிற் போய் நின்றார். அதே நாட்களில் ஸ்ரைனும், மக்ஸ்வெல்லின் மகன் கெவினும் மொஸ்கோவில் இருந்தனர். எலோர்க்கின் சார்பிற் பேசிய நிக்கொலாய் பெலிக்கொவ் மூவரையும் வெவ்வேறாகச் சந்தித்தார். றொஜர்ஸ் தாம் வெளியிட்ட பமிக்கொம் பேழையைப் பெருமையுடன் எடுத்து வைத்தார். பெலிக்கொவ் அதிர்ந்தார். கணினிகளுக்கன்றி வேறெதற்கும் எலோர்க் உரிமை வழங்கியிருக்கவில்லை. தாம் விலைகொடுத்து வாங்கிய உரிமை வேரற்றது என்பதை றொஜர்ஸ் அப்போதே அறிந்தார். அவர் அதனை மறைக்க முயலாது, பெற்ற உரிமைகளின் தொடரை விளக்கி, விற்றவற்றுக்கு உரிய பங்கைச் செலுத்தவும் முன்வந்தார். பேச்சுவார்த்தையின்போது அறையில் இருந்த பஜிட்னொவ், வந்தவர்களுள் இவர் ஒருவரே விளையாட்டை ஆக்கத் தெரிந்தவர் என்பதைக் கண்டுகொண்டார். அன்று தொடங்கிய நட்பு நெடுங்காலம் நிலைத்தது.

பெலிக்கொவ் செய்த ஒரு காரியம் சட்டம் பயில்வோர்க்கும் சுவை தருவது. ஸ்ரைனுடன் செய்த ஒப்பந்தத்தைத் திருத்துகையில், கணினி என்பது விசைப்பலகை, காட்சித்திரை, தட்டு இயக்கி முதலியன கொண்டதொரு பொறி என வரையறை செய்தார். வேறு விதிகளைப் பற்றிக் கவலையுற்றிருந்த ஸ்ரைன் கைச்சாத்திட்டார். அந்த ஒரு வரியினாற் பமிக்கொம்மும் கேம்போயும் அவர் கையைவிட்டு நீங்கின. கைக்கருவி உரிமையை றொஜர்சும், மார்ச்சில் வீட்டுக் கருவி உரிமையை நின்ரெண்டோவும் பெற்றன. அற்றாரி கேம்சின் கிளையான தெங்கென் வெளியிட்ட டெற்றிஸ் பேழைகள் யூன் மாதத்தில் அமெரிக்க நீதிமன்றத் தடையினாற் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. 2023 இல் வெளிவந்த திரைப்படமொன்று இந்நிகழ்ச்சிகளை மொஸ்கோ வீதிகளில் மோட்டார் வண்டித் துரத்தலாகக் காட்டியது. அது கற்பனை. ஓர் அலுவலக அறையில், வரையறை ஒன்றின்மீது நிகழ்ந்த போரே உண்மையில் நடந்தது. சற்று ஊன்றி நோக்கின் அதுவே விறுவிறுப்பும் மிக்கது.

கேம்போய் 1989 ஏப்பிரலில் யப்பானிலும், யூலை இறுதியில் டெற்றிசுடன் இணைந்து வட அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதுவும் அதன் பின்வந்த நிறத்திரைக் கருவியும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின. 1993 இல் அலெக்சாந்தர் செரெப்றொவ் என்னும் ருஷ்ய விண்வெளிவீரர் 'மீர்' நிலையத்துக்கே அதனைக் கொண்டுசென்றார். இலங்கைக் கடைத்தெருக்களிலும் 1990 களில் இவ்விளையாட்டு கிடைத்தது; ஆனால் அங்கு மலிந்தவை உரிமம் எதுவுமின்றிப் பிறர் செய்த சிறு கைக்கருவிகளே. அவற்றில் ஆடிய சிறுவர் ஆக்கியவரின் பெயரை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆக்கியவர் நிலை என்ன? பத்தாண்டு காலத்துக்கு உரிமையைத் தம் நாட்டு நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்திருந்த பஜிட்னொவ், உலகம் தம் விளையாட்டை ஆடிய காலமெல்லாம் அதன் வருவாயிற் பங்கின்றியே இருந்தார். வாய்ப்பளித்த கணினி நிலையத்தின்மீது அவர் குறைகூறியதாகத் தெரியவில்லை. ஆனால் வரலாற்றை எழுதுவோர் அவரைப் போலப் பெருந்தன்மையுடன் இருக்கவேண்டிய கடப்பாடு இல்லை. நின்ரெண்டோ ஈட்டியது, எலோர்க் ஈட்டியது, றொஜர்சும் ஈட்டினார். 1991 இற் பஜிட்னொவும் நாடுவிட்டு அமெரிக்காவிற் குடியேறினார். 1996 இல் உரிமை அவரிடம் மீண்டபோது, றொஜர்சுடன் சேர்ந்து 'டெற்றிஸ் கம்பனி' அமைக்கப்பட்டது. அதன் பின்னரே அவர் தம் ஆக்கத்தின் பயனைக் காணலானார். றொஜர்ஸ் நட்பை இலாபத்துக்குப் பின்னும் மறவாதவர் என்பதற்கு இது சான்று. எனினும் இடைப்பட்ட ஆண்டுகள் மீளவில்லை.

பழைய கேம்போய் ஒன்றில் டெற்றிஸ் பேழையைச் செருகி இயக்கினால், விளையாட்டுத் தொடங்குமுன் எழுத்துக்கள் நிறைந்த ஒரு திரை சில வினாடி தோன்றும். ஆடுவோர் அதனை வாசிப்பதில்லை. பொறுமையின்றிப் பொத்தானை அழுத்துவர். கல்வெட்டை வாசிப்பவர் போன்று அதனை வாசித்தல் தகும். உரிமை 1987 முதல் எலோர்க்கினுடையது என்பது முதலில் உள்ளது. அதனிடமிருந்து புல்லட் புறூப் சொப்ற்வெயர் உரிமம் பெற்றமையும், அதனிடமிருந்து நின்ரெண்டோ துணை உரிமம் பெற்றமையும் அடுத்து வருகின்றன. பின்னர் 1989 ஆம் ஆண்டுக்குரிய இரண்டு பதிப்புரிமைகள். மூலக் கருத்தும் வடிவமைப்பும் நிரலும் அலெக்சி பஜிட்னொவினுடையவை என்ற வரி எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியாக உள்ளது.